கோடைக்கு முந்திக்கொண்ட புங்கை

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது, மனிதர்களுக்குக் காது இருந்தது. இரண்டில் பெரிய அதிசயம் இரண்டாவதுதான்.

அப்போது புங்கை மரமும் மற்றக் காட்டு மரங்களைப் போலத்தான் வாழ்ந்தது. மழைக்காலத்தில் தழைக்கும். சித்திரை வெயில் உறைக்கத் தொடங்கியதும் இலையை எல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கொம்பாக நின்று மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பொட்டலில் ஏழு வீடுகளோடு ஒரு புதுத்தெரு உண்டாயிற்று. வீடு கட்ட வந்தவர்கள் செய்த முதல் வேலை, அங்கே நின்ற மரங்களை வெட்டியது. கூரை வேய்ந்து உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, "இந்த ஊரில் என்ன இப்படி வெயில்!" என்று ஆச்சரியப்பட்டார்கள். இவர்களை என்ன சொல்வது? ஆனாலும் அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏழு வீட்டாரும் ஆற்றங்கரைக்குப் போய் ஒரு புங்கங்கன்றைக் கேட்டு வாங்கி வந்தார்கள். வீட்டுக்கு ஒரு கூடை வண்டல் மண் போட்டு, தெருவின் நடுவே நட்டார்கள். ஆடு ஒன்று வந்து முகர்ந்து பார்த்து, "சீ, கசப்பு! நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. கன்று பிழைத்தது. எட்டு மழைக்காலத்தில் ஏழு கூரைக்கும் எட்டுகிற மாதிரி கிளை விரித்தது.

உடனே சண்டையும் வந்தது. நிழல் எல்லாருக்கும் வேண்டும், சருகு யாருக்கும் வேண்டாம். பிச்சம்மாள் தன் வாசல் சருகைச் சுடலைமாடன் வாசலுக்குத் தள்ளுவாள். அவன் அதை அடுத்த வாசலுக்குத் தள்ளுவான். ஏழு வாசலும் சுற்றி வந்த சருகுக்குக் கடைசியில் யாராவது தீ வைப்பார்கள்.

அந்தத் தெருவிலேயே வாய் நீளமானவள் வெள்ளத்தாய். அநியாயம் என்று பட்டால் அடுப்பில் கொதிக்கிற உலையோடும் வழக்குப் பேசுவாள். அவளுடைய ஒரே மகள் ஆவுடைக்கு அந்த வருஷம் தலைப்பிரசவம். சித்திரையில் நாள் குறித்திருந்தது. தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும், அதுதானே முறை? ஆனால் ஆவுடையின் மாமியார் சிவனம்மாள் சொல்லி அனுப்பிவிட்டாள்: "உங்க தெருவில சித்திரையில நிக்க நிழல் கிடையாது. பச்சப்பிள்ளைய அந்த அனலுக்குள்ள அனுப்ப மாட்டேன். பங்குனிக் கடைசியில நானே வந்து பாக்கேன். பார்த்துட்டுச் சொல்லுதேன்."

வெள்ளத்தாய் நேரே மரத்தடிக்குப் போனாள். அது மார்கழி. மரம் அடர்ந்து கறுத்து நின்றது.

"ஏ புங்கை! குளிர்காலத்தில குடை பிடிக்கே. வெயில் வந்தா அம்மணமா நிக்கே. இது என்ன நியாயம்? யாரு கேட்டா உன் நிழல இப்போ?"

மரம் சாவகாசமாகக் கேட்டது. "தாயி, சித்திரையில் எனக்கு இலை இருக்க வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். யார் தருவது?"

"மழையில குடிச்சது என்னாச்சு?"

"நான் உதிர்த்த இலை என் காலடியிலேயே கிடந்தால், அந்த ஈரம் தங்கும். நீங்கள் அதைக் கொளுத்திவிடுகிறீர்கள். என் போர்வையைப் பிடுங்கித் தீயில் போட்டுவிட்டு, ஏன் நடுங்குகிறாய் என்று கேட்கிறாய்."

வெள்ளத்தாய்க்குத் தோற்றுப் பழக்கமில்லை. ஆனால் நியாயம் எதிர்ப்பக்கம் நின்றால் அடையாளம் தெரியாதவளும் இல்லை. இடுப்பில் இருந்த கையை எடுத்தாள். "சரி. என்ன செய்யணும், சொல்லு."

மரம் சொன்னது. "மாசியிலேயே இலையைக் கொட்டிவிடுகிறேன், மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே. பங்குனியில் தளிர் விடுகிறேன். சித்திரைக்கு நிழல் தயாராகிவிடும். கொட்டிய இலையை என் காலடியில் குவியுங்கள். பங்குனி முழுக்க வீட்டுக்கு ஒரு குடம், அரிசி களைந்ததோ பாத்திரம் கழுவியதோ, தினம் ஊற்றுங்கள். ஆனால் ஒன்று. தளிர் விட்ட பிறகு தண்ணீர் வருவது நின்றால் நான் பட்டுப்போவேன். வெறுங்கொம்பாக நின்றால் கோடையைத் தாண்டுவேன், தளிரோடு தாண்ட முடியாது. உயிரை உங்கள் கையில் கொடுக்கிறேன்."

ஒரு சருகைக் கூட்ட ஒற்றுமை இல்லாத ஏழு வீட்டை நம்பி ஒரு மரம் உயிரைக் கொடுத்தது. வெள்ளத்தாய் வீடு வீடாகப் போய் வாக்கு வாங்கினாள். "கழனித் தண்ணிதானே, ஊத்திட்டாப் போச்சு" என்றார்கள் எல்லாரும்.

மாசியில் புங்கை மொட்டையானது. "மதினி, உங்க மரம் செத்துப்போச்சு போலிருக்கே! அடுப்புக்கு ஆவும், வெட்டட்டுமா?" என்று கேலி பண்ணினான் சுடலைமாடன். "உன் தலையிலயும்தான் முடி இல்ல. வெட்டிரலாமா?" என்றாள் வெள்ளத்தாய். தெருவே சிரித்தது.

பங்குனி பிறந்ததும் மரம் தளிர்த்தது. அப்படி ஒரு பச்சையை அந்தத் தெரு பார்த்ததில்லை. எண்ணெய் தடவினாற்போல ஒவ்வொரு இலையும் மின்னியது.

சிவனம்மாள் வருகிற அன்று காலையில் வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தபோது, தளிரெல்லாம் துவண்டு தொங்கியது. காலடி மண் வெடித்துக் கிடந்தது. அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று கத்தினாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்தான் வந்தது: "மத்த ஆறு வீடும் ஊத்துதே, நம்ம ஒரு குடம் இல்லாட்டா என்னன்னு இருந்துட்டேன்."

கடைசி வீடு பிச்சம்மாளுடையது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏட்டி, நீ ஊத்தினியா?"

வெள்ளத்தாய் ஊற்றவில்லை. நான்கு நாளாகச் சம்பந்தி வருகிறாளே என்று, கழனித் தண்ணீரை எல்லாம் வைத்து வீட்டைத்தான் மெழுகிக்கொண்டிருந்தாள். மற்ற ஆறு வீடும் ஊற்றும் என்று அவளும்தான் நினைத்தாள்.

மரத்தடிக்கு வந்தாள். "கோபமா?" என்று கேட்டாள்.

"கோபம் இல்லை தாயி. தொண்டைதான் வறளுகிறது" என்றது மரம். குரல் சருகு உரசுகிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு ஓடினாள். அங்கே தண்ணீர் என்று இருந்தது ஒரே ஒரு குடம், சம்பந்தி கால் கழுவ வைத்தது. கிணறு இனி ஊறுவதற்குச் சாயங்காலம் ஆகும். அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துத் திரும்பினால், சிவனம்மாள் தெருவுக்குள் வந்துவிட்டாள். முட்டு வரைக்கும் செம்மண் புழுதி. மூச்சு வாங்க மரத்தடியில் நின்றவள், குடத்தைப் பார்த்ததும் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டினாள்.

வெள்ளத்தாய் அவளைத் தாண்டிப் போய், குடத்தை மரத்தின் வேரில் சாய்த்தாள்.

ஏழு வாசலிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. "என்ன மரியாதை இது?" என்றாள் சிவனம்மாள்.

வெள்ளத்தாய் குடத்தை நிமிர்த்தவில்லை. "சம்பந்தியம்மா, என்னைத் திட்டுங்க. எம் பிள்ளைய அனுப்ப மாட்டேன்னாலும் சொல்லுங்க. எங்க ஏழு வீட்டையும் நம்பி இது தளிர் விட்டுச்சு. ஏழு வீடும் ஏமாத்திட்டோம். அதில முதல் ஆள் நான். உங்க காலுக்கு வச்ச தண்ணிதான், வேற இல்ல. இப்போ இது குடிக்கலன்னா நாளைக்கு இருக்காது."

சிவனம்மாள் அண்ணாந்து பார்த்தாள். துவண்ட தளிர்கள்தான். ஆனால் அவள் வந்து நின்ற இடம் வெயிலில் இல்லை. பொட்டலில் அரைக் காதம் நடந்து வந்தவளுக்கு அது எப்படித் தெரியாமல் போகும்?

"நிறுத்துங்க" என்றாள். வெள்ளத்தாய் நிறுத்தினாள். குடத்தின் அடியில் இரண்டு செம்புத் தண்ணீர் இருந்தது. சிவனம்மாள் வேரின் பக்கத்தில் வந்து இரண்டு காலையும் சேர்த்து வைத்தாள். "மிச்சத்த இங்கயே, என் காலில ஊத்துங்க. எனக்கும் ஆச்சு, அதுக்கும் ஆச்சு. இவ்வளவு நேரம் யார் நிழல்ல நின்னேன் நான்?"

புழுதி கரைந்து வேருக்குள் இறங்கியது. சுடலைமாடன்தான் முதலில் ஓடினான். எருமைக்கு வைத்திருந்த தொட்டித் தண்ணீரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தான். எருமை, "யோவ், அது என்னோடது" என்றது. "சாயங்காலம் தாரேன், சும்மா இரு!" என்றான். பிச்சம்மாள் வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். அந்தக் கோடை முடிகிறவரை ஒரு வீடும் ஒரு நாளும் தவறவில்லை.

சித்திரையில் ஆவுடை வந்தாள். மரம் ஏழு கூரைக்கும் குடை பிடித்திருந்தது. பெண்குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் புங்கங்கிளையில் தூளி கட்டிக் கிடத்தியபோது, மரம் தன்னிடம் இருந்த ஒரே சீரைக் கொண்டுவந்தது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ, பொரி இறைத்த மாதிரி தூளியெங்கும் கொட்டிற்று. வெள்ளத்தாய் மரத்தின் அடிமரத்தில் கை வைத்தாள். என்னவோ சொன்னாள். சண்டைக் குரல் மட்டுமே கேட்டுப் பழகிய தெருவுக்கு அது கேட்கவில்லை. மரத்துக்குக் கேட்டது.

பேத்தியைப் பார்க்க வந்த சிவனம்மாள் ஊருக்குத் திரும்பும்போது மடி நிறையப் புங்கங்காய் கட்டிக்கொண்டு போனாள், தன் தெருவில் நட.

அன்று முதல்தான் புங்கை, மற்ற மரங்களுக்கு முந்தி மாசியிலேயே இலையைக் கொட்டி, பங்குனியில் புதுத்தளிர் விட்டு, நெருப்பாய் எரிகிற சித்திரையில் நம் வாசலில் நிழலும் பூவுமாக நிற்கிறது. தண்ணீர் வருமா என்று அது ஒரு வருஷம்கூட நம்மைத் திருப்பிக் கேட்டதில்லை.