சிவப்புக் கோடு

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் மாசிலாமணி என்ற சீடர் இருந்தார். ஆசிரமத்தின் பழைய காரை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. ஆசிரமத்தின் தலைவி குருவம்மா அவரைவிட வயதில் இளையவர். அதனால் அவரை 'நீங்கள்' என்றுதான் அழைப்பார்.

அந்தக் காரின் மீட்டர் போர்டு செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. வேகம், டீசல், என்ஜின் சூடு, எதற்கும் ஊசி அசையாது. மாசிலாமணி சத்தத்தை வைத்தே ஓட்டுவார். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

ஒரு நாள் காயலான் கடையில் அதே மாதிரிக் காரின் மீட்டர் போர்டு ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது. பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் டீசல் ஊசி எழுந்து நின்றது. ஆசிரமமே வந்து எட்டிப் பார்த்தது.

"உயிர் குடுத்துட்டீங்களே," என்றார் குருவம்மா.

அன்றே மாசிலாமணி அந்தக் காரில் சந்தைக்குப் போனார். காய்கறி வாங்கச் சமையல்காரர் பொன்னுரங்கமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது சூடு காட்டும் ஊசி மெல்ல மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். பொன்னுரங்கம் பையோடு இறங்கினார்.

"அண்ணே, என்ஜின் சுடுது போல. ஊசி சிவப்புல நிக்குது, பாத்தீங்களா?"

"அது மீட்டர் கோளாறுடா."

"இப்பத்தானே மாட்டினீங்க?"

"அதான் சொல்றேன். நேத்து வரைக்கும் சுடாத என்ஜின், மீட்டர மாத்தின அன்னைக்கே சுடுமா?"

"நேத்து சுட்டுச்சா இல்லையான்னு யாருண்ணே பாத்தா?"

மாசிலாமணியின் முகம் கறுத்தது.

"சோறு குழையுதான்னு நீ பாரு. என்ஜின் கொதிக்குதான்னு நான் பாத்துக்கறேன். கரண்டிய வச்சுக்கிட்டு கார் ஓட்ட வந்துட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் காரைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பொன்னுரங்கம் பையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் மாசிலாமணி பானெட்டைத் திறந்தார். என்ஜினிலிருந்து அந்த ஊசிக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டார். ஊசி கீழே படுத்தது. பிறகு எழவே இல்லை.

"சூடு காட்டுச்சாமே, சரியாயிடுச்சா?" என்று கேட்டார் குருவம்மா.

"சரியாயிடுச்சும்மா."

சில நாள் கழித்து, மத்தியானப் பந்தி நடக்கும்போது பொன்னுரங்கத்துக்குத் தகவல் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், சொந்த ஊரில் அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்த அண்ணன்.

"இருட்டுறதுக்குள்ள எடுத்துடுவாங்களாம். நான் வந்து முகம் பாக்கணும்னு வச்சிருக்காங்க," என்றார் பொன்னுரங்கம்.

மாசிலாமணி உடனே காரை எடுத்தார். குருவம்மாவும் ஏறிக்கொண்டார். வழியில் ஒரு மாலை வாங்கினார்கள்.

மலைப்பாதையில் வண்டி திணறி ஏறியது. சூட்டு ஊசி கீழேயே படுத்திருந்தது. கருகும் வாசனை ஒன்று வந்தது. பொன்னுரங்கம் மூக்கை உறிஞ்சினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாசிலாமணியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அடுத்த வளைவில் பானெட்டுக்குள்ளிருந்து புகை போல நீராவி கிளம்பியது. கார் நின்றது.

பொன்னுரங்கம் கேனை எடுத்துக்கொண்டு ஓடையைத் தேடி ஓடினார். தண்ணீரோடு மூச்சு வாங்க வந்தவர், திறந்து கிடந்த பானெட்டுக்குள் குனிந்தார். ஒரு வயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்தார்.

"இது என்னண்ணே?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார். குருவம்மா வயரைப் பார்த்தார். பொன்னுரங்கம் மறுபடி கேட்கவில்லை. வயரை இருந்தபடியே விட்டுவிட்டு, கேனைக் கீழே வைத்தார்.

தண்ணீர் ஊற்றியும் வண்டி கிளம்பவில்லை. வெகுநேரம் கழித்து வந்த காய்கறி லாரி ஒன்றில் ஏறிப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. சுடுகாட்டில் நெருப்பு ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவோ நேரம் பாத்தோம்பா," என்றார் ஊர்க்காரர் ஒருவர்.

மாலையை எங்கே வைப்பது என்று பொன்னுரங்கத்துக்குத் தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

காரைக் கட்டி இழுத்து ஆசிரமத்துக்குக் கொண்டுவந்த பிறகு மாசிலாமணி ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே துருவும் சேறுமாக அடைத்திருந்தது. நேற்று இன்று வந்த அடைப்பு அல்ல. அதைச் சுத்தம் செய்து மாட்டினார். பிடுங்கிய வயரையும் மாட்டினார்.

பந்திக்கு மட்டும் அவர் போகவில்லை. கார் கொட்டகையிலேயே சாப்பிட்டார். பொன்னுரங்கம் வேளை தவறாமல் தட்டை அனுப்பினார்.

ஒரு காலையில் குருவம்மா கொட்டகைக்கு வந்தார். மாசிலாமணி மீட்டர் போர்டின் திருகாணிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யறீங்க?"

"பழசையே மாட்டிடறேம்மா. இதைப் பாத்துக்கிட்டு வண்டி ஓட்ட முடியல."

"பழசு ஒண்ணும் காட்டாதே."

"அதுக்குத்தாம்மா."

குருவம்மா அவர் பக்கத்தில் இருந்த தகர டின் மேல் உட்கார்ந்தார்.

"பொன்னுரங்கம் எதாவது சொன்னாரா?"

"ஒரு வார்த்தை சொல்லல. சோறு அனுப்பறான். எனக்கு அப்பளம் பிடிக்கும்னு ரெண்டா வைக்கிறான். செருப்பால அடிச்சிருந்தாக்கூடத் தேவலை."

"நீங்க போய்ப் பேசினீங்களா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டும்மா போறது? உங்ககிட்டயும் பொய் சொன்னேன். ஒரு தண்டனை குடுங்க. போயிடுன்னு சொல்லுங்க, இன்னைக்கே போயிடறேன்."

"போனா எப்படி இருக்கும்?"

மாசிலாமணி யோசித்தார். "நிம்மதியா இருக்கும்."

"அப்ப அது தண்டனை இல்லையே."

குருவம்மா கையை நீட்டினார். மாசிலாமணி ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார். குருவம்மா எட்டிக் குனிந்து, தளர்ந்திருந்த திருகாணிகளைத் தாமே முடுக்கினார். பழக்கமில்லாத கை, இரண்டு தடவை வழுக்கியது. மாசிலாமணி உதவிக்குக் கை நீட்டினார். அவர் தரவில்லை. முடுக்கி முடித்தபின்தான் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னையிலேருந்து பந்தியில உக்காந்து சாப்பிடுங்க. அவர்தான் பரிமாறுவார். எல்லாரும் இருக்கும்போதே, வயரை நான்தான் பிடுங்கினேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேம்மா. அதுக்கப்புறம்?"

"அடுத்த நாளும் போய் உக்காருங்க."

"எதுவரைக்கும்மா?"

"அவர் உங்களைத் திட்டுற வரைக்கும்."