கதவுக்கு அடியில் ஒரு கோடு

உப்பளத்தை ஒட்டிய ஒரு கடற்கரை ஊரில் கருஞ்சிவப்புக் கார் ஒன்று இருந்தது. அதன் டிரைவர் பக்கக் கதவில் ஒரு குடும்பமே குடியிருந்தது. கதவின் உடம்பாக நின்றவள் தகடு. அவள்மேல் ஏறிப் படுத்திருந்தவன் பெயின்ட். கதவின் அடி விளிம்பில், புளியங்கொட்டை அளவில், தகட்டின் தங்கச்சி ஓட்டை இருந்தாள்.

ஓட்டை என்றதும் குறை என்று நினைத்துவிட வேண்டாம். கதவைச் செய்தவன் யோசித்து வைத்த வழி அது. மழைத் தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும், காற்றில் வந்து படிந்த உப்பையும் கரைத்துக்கொண்டு, கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கும். இறங்கியதை ஓட்டை வெளியே விட்டுவிடுவாள். அந்த ஒரு வேலை நின்றால் தகடு உள்ளிருந்தே துருப்பிடித்துச் சாக வேண்டியதுதான்.

காரின் சொந்தக்காரர் பிலவேந்திரனுக்கு மீசை சீவத் தனியாகக் கண்ணாடி தேவையில்லை. அந்தக் கதவே போதும். காலையில் எழுந்ததும் காரைக் கழுவுவார், துணியால் ஒற்றி எடுப்பார், இரண்டடி தள்ளி நின்று ரசிப்பார். அப்போது பார்த்து ஓட்டை மிச்சத் தண்ணீரை விடுவாள். கதவுக்கு அடியில் பழுப்பாக ஒரு கோடு இறங்கும்.

“சனியன்!” என்று துடைப்பார் பிலவேந்திரன்.

“எக்கா, அவரு ரொம்பக் கோவப்படுதாரு,” என்பாள் ஓட்டை.

“படட்டும். நீ விடு. உள்ள உப்புத் தண்ணி கெடக்குன்னு அவருக்கு வேற யாரு சொல்லுவா? நமக்கு வாயின்னு இருக்கது அந்தக் கோடு ஒண்ணுதான்,” என்பாள் தகடு.

கோயில் திருவிழாவில் வண்டிகளை மந்திரித்து ஆசீர்வதிக்கும் நாள் நெருங்கியது. ஊரில் உள்ள வண்டிகளெல்லாம் வரிசையில் நிற்கும். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். பிலவேந்திரன் காரை லிங்கதுரையின் பாலிஷ் கடைக்குக் கொண்டுபோனார்.

“சாமியார் தீர்த்தம் தெளிக்கையில ஒரு சொட்டு வண்டியில ஒட்டக் கூடாதுப்பா. முத்து முத்தா உருண்டு ஓடணும். வரிசையில நிக்கவன் வாயப் பொளக்கணும்.”

ஆசீர்வாதம் வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது! என்ன பக்தியோ.

லிங்கதுரை முதலில் மெழுகைத் தேய்த்தான். பிலவேந்திரனுக்குப் பளபளப்பு போதவில்லை. அதன்மேல் தண்ணீர் ஒட்டாமல் காக்கும் சீலன்டையும் பூசச் சொன்னார். பூசியதுதான் தாமதம், சீலன்ட் கத்த ஆரம்பித்துவிட்டான்.

“மெழுகுக்கு மேல என்னை எப்படிவே நிறுத்துவீரு? வெறும் பெயின்ட்டுலதான் எனக்குப் பிடிமானம். முதல்ல நான், பொறவுதான் அவன். இது சின்னப்புள்ளைக்கும் தெரியுமே!”

“முதல்ல வந்தவன் முதல்ல. வழுக்கினா கீழ விழு,” என்றான் மெழுகு.

“என் தகுதி என்ன, உன் தகுதி என்ன?”

“மினுக்கத்துல என்னை மிஞ்சுவியோ?”

இரண்டு பேருக்கும் நடுவே பெயின்ட் வேறு, “யாரு வேணும்னாலும் உக்காருங்க, என் முகம் ஜொலிச்சாப் போதும்,” என்று இளித்தான்.

தகட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கும்பி கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம். கீழ நான் ஈரத்துல கெடந்து சாகுதேன். ஒருத்தனாவது குனிஞ்சு பாத்தீங்களால? ஒரு முடி கனம்கூட இல்லாத பயக்க நீங்க. நான் நிக்கப் போயிதான் உங்களுக்கு எடம்!”

மூவரும் மறுபடி தங்கள் மினுக்கத்தையே பார்த்துக்கொண்டார்கள். குனிந்து பார்த்தால் அது கெட்டுவிடுமோ என்னவோ.

கடைசியில் பிலவேந்திரன் கதவுக்கு அடியில் கையை நீட்டினார். “எல்லாம் நல்லாருக்கு. இந்தக் கோடுதான் மானத்த வாங்குது. அந்த ஓட்டைய அடச்சிரு.”

லிங்கதுரை தலையைச் சொறிந்தான். “அண்ணாச்சி, அது தண்ணி போற வழியில்லா?”

“உன்ட்ட யோசனையா கேட்டேன்? அடைடே.”

“சரி அண்ணாச்சி,” என்றான் லிங்கதுரை. என்ன ஆகும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சரி என்றான். மிச்சமிருந்த சீலன்டை விரலில் வழித்து ஓட்டையின் வாயில் அப்பினான்.

“எக்கா...” என்றாள் ஓட்டை. அதற்குமேல் அவள் குரல் வரவில்லை.

அந்த வருஷம் தீர்த்தம் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வரிசையே வாயைப் பிளந்தது. கோடும் இல்லை, குறையும் இல்லை என்று பிலவேந்திரன் மீசையை முறுக்கிக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. இறங்கிய தண்ணீர் இறங்கியபடியே நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே சளக் சளக்கென்றது. பிலவேந்திரன் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நாற்றம் வந்தது, வாசனைக் குப்பி வாங்கி மாட்டினார். அடி விளிம்பு முழுக்கத் துரு தின்ன ஆரம்பித்திருந்தது. தகடு தன் பெருமையெல்லாம் விட்டு, பெயின்ட்டிடம் கெஞ்சினாள்.

“ஏ பெயின்ட்டு, ஒரே ஒரு கொப்புளம் போடு. வெளிய தெரியட்டும். நான் போனா நீயும் போவ.”

“என் முகத்துலயா? திருவிழா வருதுல்லா. அது முடியட்டும், பாப்போம்.”

அவன் வேண்டாம் என்றாலும் துரு கேட்குமா? கொப்புளம் தானாகவே கிளம்பியது. பிலவேந்திரன் பதறிப்போய் லிங்கதுரையிடம் ஓடினார். புண்ணுக்குப் புனுகு தடவுவதில் அந்த இருவரையும் மிஞ்ச ஆளில்லை. கொப்புளத்தின்மேல் மெழுகு ஒரு பூச்சு, சீலன்ட் ஒரு பூச்சு, மறுபடி மெழுகு. கதவு முன்னைவிட மினுங்கியது.

அடுத்த திருவிழா. வெள்ளை வேட்டி சட்டையில் பிலவேந்திரன் கார் பக்கத்தில் நின்றார். சாமியார் வந்து கூரையில் தெளித்தார். தீர்த்தம் உருண்டு ஓடியது.

“கதவத் திறங்க. உள்ளயும் தெளிச்சிருவோம்.”

பிலவேந்திரன் ஊரே பார்க்கட்டும் என்று கதவை வீசித் திறந்தார். அவ்வளவுதான். அடி விளிம்பு ஊறிய அப்பளமாகப் பிய்ந்து விழுந்தது. ஒரு வருஷத்துத் தண்ணீர், சேறும் துருவுமாக, அவர் வேட்டியிலும் சாமியாரின் அங்கியிலும் கொட்டியது. பெயின்ட் தோல் தோலாக உரிந்து தொங்கினான். மெழுகும் சீலன்டும் அந்தத் தோலோடு தரையில் கிடந்தார்கள். யார் மேலே, யார் கீழே என்று சொல்ல முடியவில்லை.

வரிசை மறுபடியும் வாயைப் பிளந்தது. பிலவேந்திரன் லிங்கதுரையைத் தேடினார். அவன் கூட்டத்துக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆத்திரம் தாங்காமல் கதவையே ஓங்கி அறைந்தார்.

“எழவெடுத்த கதவே! உள்ள இவ்வளவு கெட்டுப்போயிருக்கே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

கிழிந்து தொங்கிய வாயோடு தகடு சொன்னாள்:

“தெனமும் காலையில சொன்னேன். நீருதான தொடச்சீரு.”