யார் பக்கத்தில் உட்காரட்டும்?

புரியவில்லை என்று சொன்னவளை முட்டாளாக்கினீரே வாத்தியாரையா, உமக்கு வெட்கமாக இல்லையா? எங்களுக்கு இருக்கிறது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், எந்த வினைக்குப் பின்னால் 'டு' வரும், எதற்கு 'இங்' வரும், 'கிவ் அப்', 'கிவ் இன்' என்றால் என்ன என்று கடகடவென ஒப்பித்துவிட்டு, "புரியாதவங்க எழுந்திருங்க" என்றீர். லாட்ஜில் அறை பெருக்கும் செல்லக்கிளி மட்டும் எழுந்தாள். ரிசப்ஷன் வேலைக்கு ஆசைப்பட்டுப் படிக்க வந்தவள்.

"எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு. உன் மண்டையில என்ன களிமண்ணா? இப்பவே புரியணும், இல்லேன்னா வகுப்புக்கே வராதே!"

"சரிங்க சார். புரிஞ்சவங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கறேன்."

முதல் பெஞ்சுக்கு வந்தாள். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவர், "எனக்கும் புரியலைம்மா" என்று சட்டென்று எழுந்து நின்றார். அடுத்த பெஞ்சும் எழுந்தது. சந்தையில் எவனுக்கும் மசியாத மாட்டுத் தரகன் நான், தலையைக் குனிந்துகொண்டு எழுந்தேன். கடைசியில் உட்கார்ந்திருந்தது நீர் ஒருவர்தான்.

"அப்ப உங்க பக்கத்துலதான் சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஏன் சார் அங்க 'டு', இங்க 'இங்'?"

நீரும் எழுந்தீர். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவர், இதுவரை தலைகாட்டவில்லை.

வந்து சேரும். செல்லக்கிளியை உம் வாயாலேயே உட்காரச் சொல்லும். பிறகு பலகையை அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து எங்கள் எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்லிக்கொடும்.