குப்பைக்குப் போன புதுக் கம்பிகள்

மார்த்தா டீச்சருக்கு வயது எண்பத்தொன்று. அவரிடம் கிட்டார் படித்தவர்களில் மூத்தவர் தனசிங். அவருக்கே அறுபத்துமூன்று. பாளையங்கோட்டையில் ஒரு லேத் பட்டறையில் நாற்பது வருஷம் இரும்பு கடைந்தவர். மயிரிழைகூடப் பிசகாத கை என்று பட்டறையில் பேர் வாங்கியவர்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். தோளில் கிட்டார் பை. கன்னத்தில் ஒரு கீறல். முகத்தில் களையே இல்லை.

"இதை வச்சுக்கிடுங்க டீச்சர். வாசிக்கிறவங்க யாருக்காவது குடுத்துருங்க."

"ஏன், உனக்குக் கை போச்சா?"

"புத்தி போச்சு."

நடந்தது இதுதான். சனிக்கிழமை மத்தியானம் தனசிங் கிட்டாருக்குக் கம்பி மாற்ற உட்கார்ந்தார். பழைய கம்பி ஆறையும் கழற்றிக் கட்டிலில் போட்டார். புதுக் கம்பி ஆறையும் உறையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பரப்பினார். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து மளமளவென்று மாட்டி முடித்தார். மிச்சம் கிடந்ததைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சுதி சேர்க்கும்போது சத்தம் மழுங்கலாகத்தான் இருந்தது. தன் காதுதான் மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இரண்டாம் பாட்டின் பாதியில் நாலாம் கம்பி டப்பென்று அறுந்து கன்னத்தைக் கீறியது. குனிந்து பார்த்தார். கிட்டாரில் இருந்த அத்தனையும் துருப்பிடித்த பழைய கம்பி. புதுசுதான் குப்பைக்குப் போயிருந்தது.

பாடகர் குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வந்து தோளில் கை போட்டார். "அண்ணாச்சி, இத்தனை வருஷம் வாசிச்சாச்சு. இனி முன்வரிசையில உட்கார்ந்து நிம்மதியாப் பாட்டுக் கேளுங்க."

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார்.

"உட்காரச் சொன்னா உட்காரு. கிட்டாரோட உட்காரு."

"இது ரோஷப்படுத விஷயம் இல்ல டீச்சர்." தனசிங்கின் குரல் இறங்கியது. "எங்க அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல பீரோச் சாவியை எங்க வச்சோம்னு மறந்தாங்க. கடைசியில என்னையப் பாத்தே நீ யாருன்னு கேட்டாங்க. மறதி வந்துட்டுன்னு தெரிஞ்ச பிறகும் வாத்தியத்தைக் கையில வச்சிருக்கலாமா? நீங்க சொல்லுங்க."

டீச்சர் கிட்டாரைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழைய கம்பிகளைக் கழற்றினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புது செட்டை எடுத்துப் பிரித்தார்.

ஆறாம் கம்பியை மாட்டினார். அது சரியாக வந்தது. அடுத்து நாலாம் கம்பியை எடுத்து மூன்றாவது துளையில் செருகினார். தனசிங் பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. டீச்சர் பாதி முறுக்கிவிட்டுத் தட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. கழற்றினார். சரியான துளையில் போட்டார்.

மூன்றாம் கம்பியை மாட்டி, அதை முறுக்கும் கீயை எதிர்ப்பக்கமாகத் திருகினார். கம்பி இறுகாமல் தொங்கியது.

"குடுங்க டீச்சர், நான் மாட்டுதேன்."

"உன்னைய நான் கேட்டேனா?"

தனசிங் கையை இழுத்துக்கொண்டார். டீச்சர் கீயைச் சரியான பக்கம் திருப்பிக் கம்பியை இறுக்கினார்.

இரண்டாம், ஒன்றாம் கம்பிகள் முடிந்தன. கடைசியாக ஐந்தாம் கம்பி. சுற்று ஒழுங்காக விழுந்தது. தலைப்பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த மிச்சத்தை வெட்ட டீச்சர் கட்டிங் பிளேயரை எடுத்தார். வெட்டினார்.

மிச்சம் அப்படியே நின்றது. கம்பிதான் துண்டாகித் துள்ளி அவர் மணிக்கட்டில் அடித்தது.

டீச்சருக்குக் கோபம் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும் என்று தனசிங் காத்திருந்தார். இரண்டும் வரவில்லை. டீச்சர் மணிக்கட்டைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு இழுப்பறையை மறுபடி திறந்தார். உள்ளே பிரிக்காத செட் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்றைப் பிரித்து, ஐந்தாம் கம்பியைத் தேடி எடுத்தார்.

"இதை நீ மாட்டு."

"எனக்கு வேண்டாம் டீச்சர்."

"மாட்டுன்னேன்."

தனசிங் கிட்டாரை வாங்கினார். கம்பியைச் செருகினார். நாற்பது வருஷம் இரும்பு கடைந்த கை, கீயைத் தப்பான பக்கம் திருகியது. நாலு சுற்று போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா?" என்றார். கண் கலங்கிவிட்டது.

"பாத்தேன். கழற்று."

கழற்றினார்.

"திரும்ப மாட்டு."

மாட்டினார். இந்தத் தடவை கம்பி இறுகியது. மிச்சத்தை வெட்டும் முன் இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தார். வெட்டினார். சுதி சேர்த்தார். ஆறு கம்பியையும் ஒன்றாக மீட்டியபோது அந்தச் சின்ன அறையே நிறைந்தது. தன் காதில் ஒரு குறையும் இல்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

டீச்சர் மடியில் கிடந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்தார். தனசிங் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை. இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கிட்டாருக்குக் கம்பி மாத்த எத்தனை செட் வாங்குவீங்க டீச்சர்?"

"மூணு."

"எதுக்கு மூணு?"

"ஒண்ணு கிட்டாருக்கு. ஒண்ணு தப்புக்கு."

"இன்னொண்ணு?"

"அதுவும் தப்புக்குத்தான். எனக்கு இன்னும் வயசாகணும்லா?"