பாறைக்குழியில் கரைந்த உப்பு

கருமலைக் காட்டில் சிலிர்ப்பி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முள்ளை எல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். முள்தான் அப்படி, மனசு வெண்ணெய்.

அந்த வருஷம் காட்டில் உப்புக்குப் பஞ்சம் வந்தது. மலைச்சரிவில் இருந்த உப்பு மண் மேட்டைத்தான் அங்குள்ள மிருகங்கள் தலைமுறை தலைமுறையாக நக்கி வந்தன. மழைக்காலத்தில் மண் சரிந்து அந்த மேட்டை மூடிவிட்டது. எவ்வளவு புல் தின்றாலும் நாக்கு உப்புக்கு ஏங்கியது. எல்லோரையும்விடப் புள்ளிமான் மருதி பட்டதுதான் பெரும்பாடு. அப்போதுதான் குட்டி ஈன்றிருந்தது. உடம்பில் உப்புச் சத்து இல்லாமல் அதன் கால்கள் நடுங்கின. பால் வற்றிக்கொண்டே வந்தது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழுதது.

ஒருநாள் மலைப்பாதையில் போன வியாபாரியின் கழுதை முதுகில் மூட்டை கிழிந்து, ஓர் இந்துப்புக் கட்டி உருண்டு புதரில் விழுந்தது. விளாம்பழம் அளவு இருக்கும். அது முதலில் சிலிர்ப்பியின் கண்ணில்தான் பட்டது.

முள்ளம்பன்றிக்கு உப்பென்றால் உயிர். ஒரு நக்கு நக்கிப் பார்த்தது. ஆஹா! வாயெல்லாம் ஊறியது. புதருக்குள்ளேயே உட்கார்ந்து முழுசையும் தின்று தீர்த்திருக்கலாம். கேட்க ஆள் ஏது?

ஆனால் அதற்குக் கொம்பையன் ஞாபகம் வந்துவிட்டது.

கொம்பையன் காட்டெருமை. அந்தக் காட்டுக்கே பெரிய தலை. போன கோடையில் காட்டுத்தீ பிடித்தபோது, புகையில் வழி தெரியாமல் சுருண்டு கிடந்த சிலிர்ப்பியைத் தன் வயிற்றுக்குக் கீழே விட்டுக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்தது அதுதான். பயத்தில் சிலிர்ப்பியின் முள் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றன. நடந்த வழியெல்லாம் அவை கொம்பையனின் வயிற்றில் குத்தின. கொம்பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தழும்புகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

சிலிர்ப்பி உப்புக் கட்டியை மூக்கால் உருட்டி உருட்டி எல்லோரும் கூடும் திடலுக்குக் கொண்டுவந்து கொம்பையன் முன்னால் நிறுத்தியது.

“மாமா, இது நம்ம எல்லாருக்கும்!”

காடே கொண்டாடியது. உருண்டு போகாமல் இருக்கக் கட்டியை ஒரு பாறைக்குழியில் வைத்தார்கள். மருதிக்கு முதல் உரிமை. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நக்கு. காவலுக்குச் சிலிர்ப்பி. பொல்லாத முள் இருக்கிறதே, யார் கிட்டே வருவார்கள்?

வினை மழையாக வந்தது. பகலெல்லாம் அடித்துப் பெய்தது. சிலிர்ப்பி பக்கத்துப் பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டது. மழை விட்டதும் ஓடிவந்து பார்த்தது. குழியில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் நின்றது. அதன் மேல் நாலு சருகுகள் மிதந்தன.

உப்புக் கட்டியைக் காணோம்!

சிலிர்ப்பி தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தது. குழியைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்தது. பாறைக்கு அடியில் எல்லாம் தேடியது. எங்கும் இல்லை.

விஷயம் பரவியது. முதலில் வாயைத் திறந்தது வாலாண்டி என்ற குரங்கு. எதையும் விசாரிக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவது வாலாண்டியின் வழக்கம்.

“இதுல தேட என்ன இருக்கு? காவல் காத்தது யாரு? உப்புன்னா நாக்கைத் தொங்கப் போடுறது யாரு? கட்டி எங்கே போச்சுன்னு அவ வயித்தைக் கேளுங்க!”

“சத்தியமா நான் தின்னலை!” என்று கத்தியது சிலிர்ப்பி. “தின்னணும்னா புதருக்குள்ளேயே தின்னிருப்பேனே! இங்கே எதுக்கு உருட்டிக்கிட்டு வர்றேன்?”

“அப்போ கட்டி எங்கே?”

“அதுதான் எனக்கும் தெரியலையே!”

“கேட்டீங்களா மாமா! கல்லுக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சாம்!” என்று வாலாண்டி சிரித்தது. கூட்டமும் சிரித்தது.

மருதி சிரிக்கவில்லை. குட்டியை நக்கிக்கொண்டே, “என் புள்ளை வாயில இருந்ததைப் பிடுங்கிட்டியே சிலிர்ப்பி” என்றது. குரங்கின் கேலியைவிட அந்த வார்த்தைதான் சிலிர்ப்பியைச் சுட்டது.

கொம்பையன் தலையைக் குனித்துக்கொண்டது. பிறகு சொன்னது: “நம்பி விட்டோம். பொருளைக் காணோம். நீ வேற காட்டுக்குப் போயிடு சிலிர்ப்பி.”

சிலிர்ப்பிக்கு முள் சிலிர்க்கவில்லை. எல்லாம் படிந்துபோய்க் கிடந்தன. தீயிலிருந்து காப்பாற்றிய மாமாவே போ என்று சொல்லும்போது யாரிடம் போய் முறையிடுவது? அழுதுகொண்டே நடந்தது. கடைசியாக ஒருமுறை பாறைக்குழி வழியாகப் போனது.

அங்கே ஒரே அலறல்!

“ஐயோ எரியுதே! ஐயையோ, உடம்பெல்லாம் எரியுதே!”

பொட்டு என்ற குட்டித் தவளைதான் அது. புது மழைத் தண்ணீரைக் கண்டால் தவளை சும்மா இருக்குமா? குழிக்குள் குதித்திருக்கிறது. குதித்த வேகத்தில் வெளியே வந்து பாறையில் கிடந்து துடித்தது.

“யாரோ தண்ணியில மிளகாயை அரைச்சுக் கொட்டியிருக்காங்க! அக்கா, என்னைக் காப்பாத்துங்க அக்கா!”

அந்த நேரத்தில் சிலிர்ப்பியின் மனசு யாருக்கும் உதவும் நிலையில் இல்லை. ஆனாலும் அதற்குக் கடந்துபோக முடியவில்லை. தவளையை மெல்ல வாயில் கவ்விக்கொண்டு ஓடைக்கு ஓடியது. பாதி வழியில் சட்டென்று நின்றது.

நாக்கில் கரித்தது!

இந்த ருசி அதற்குத் தெரியும். புதருக்குள் நக்கிப் பார்த்த அதே ருசி. சிலிர்ப்பி தவளையை ஓடையில் விட்டது. பொட்டு நல்ல தண்ணீரில் முங்கி எழுந்து, “அப்பாடா! போன உயிர் வந்துச்சு” என்றது.

“பொட்டு, உன் மேல உப்பு கரிச்சுது! கட்டி எங்கேயும் போகலை. அந்தத் தண்ணிக்குள்ளேயேதான் இருக்கு!”

“நான் வந்து சொல்றேன் அக்கா. நீங்க என்னை விட்டுட்டுப் போயிருந்தா இந்நேரம் நான் கருவாடு. என் தோலே சாட்சி!”

இரண்டும் கூட்டத்துக்குத் திரும்பின. பொட்டு சிவந்த முதுகைத் திருப்பித் திருப்பிக் காட்டி நடந்ததைச் சொன்னது. கொம்பையன் போய்க் குழியில் ஒரு வாய் உறிஞ்சியது. உறிஞ்சியதும் இருமிக்கொண்டே தலையை உதறியது.

“அம்மாடி! ஒரே உப்பு! வாயில வைக்க முடியலை!”

கூட்டமும் வந்து குழியைச் சூழ்ந்துகொண்டது. வாலாண்டி மட்டும் விடவில்லை.

“சரி, தண்ணியில இருக்கட்டும். அதனால யாருக்கு என்ன லாபம்? இதைக் குடிச்சா மருதிக்கு வயித்தால போகும். போன கோடையில எரிஞ்ச வேங்கை மரம் சாம்பல்ல இருந்து திரும்பி வந்துச்சா? போனது போனதுதான்!”

சிலிர்ப்பி யோசித்தது. பிறகு வேங்கை மரத்தின் கரிந்த அடிக்கட்டைக்குப் போய், அதன் பொந்தில் மழை படாமல் கிடந்த சாம்பலில் நாக்கை வைத்தது. த்தூ என்று துப்பியது.

“இதுல மரத்தோட ருசி இல்லை, வாசனை இல்லை. கொஞ்சம் புகையாப் போச்சு, மிச்சம் சாம்பலா நிக்குது. இது வேற பொருளாவே ஆயிடுச்சு. இனி மரமாகாது. ஆனா அந்தத் தண்ணியில உப்போட ருசி அப்படியே இருக்கு! உருவம்தான் போச்சு, உப்பு போகலை.”

“அதை எப்படி வெளியே எடுப்பே?” என்று கேட்டது மருதி.

“அக்கா, மாமா வெயில்ல நடந்து வந்து நின்னா முதுகுல வேர்வை காஞ்சு வெள்ளை வெள்ளையாக் கோடு விழுமே, பார்த்திருக்கீங்களா? உங்க குட்டி அதைத்தானே நக்க ஓடும்? தண்ணி வெயிலோட போயிடும். உப்பு எங்கேயும் போகாது. காத்திருப்போம்!”

வெயில் வந்தது. எல்லோரும் குழியைச் சுற்றிக் காவல் இருந்தார்கள். நடுவில் ஒருநாள் மேகம் கறுத்தது. மருதி வானத்தைப் பார்த்து நடுங்கியது. இன்னொரு மழை கொட்டிக் குழி வழிந்தால் உப்பும் ஓடைக்குப் போய்விடும். அப்போது முதலில் ஓடிப்போய்த் தேக்கிலைகளைப் பறித்து வந்து குழியை மூடியது யார் தெரியுமா? வாலாண்டி! தூறல் நிற்கும் வரை இலைகளின் மேலேயே படுத்துக் கிடந்தது. வாய்தான் நீளமே தவிரக் கெட்ட குரங்கு இல்லை.

தண்ணீர் நாளுக்கு நாள் வற்றியது. முதலில் குழியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்தது. அப்புறம் தண்ணீர் போன இடத்தில் எல்லாம் பளபளவென்று பொருக்குப் பூத்தது. கட்டியாக இல்லை, பொடியாக இருந்தது. ஆனால் உப்பு! முழுக்க உப்பு!

மருதி நக்கியது. நக்க நக்க அதன் கண்ணில் நீர் வழிந்தது. இரண்டொரு நாளில் கால் நடுக்கம் நின்றது, மடியில் பால் சுரந்தது. குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டுத் துள்ளிய துள்ளலைப் பார்க்க வேண்டுமே! மருதி நேராகச் சிலிர்ப்பியிடம் வந்து, முள்ளையும் பாராமல் அதன் நெற்றியை நக்கியது.

“என் புள்ளை உயிரோட இருக்குன்னா உன்னாலதான். அன்னைக்குச் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவேன்?”

கொம்பையன் பின்னால் வந்து நின்றது. அவ்வளவு பெரிய தலை தரையைத் தொட்டது.

“சிலிர்ப்பி, நாங்க சொன்ன சொல்லு உனக்குத் தீயா, மழையா? அந்த வேங்கை மாதிரி கருகிட்டியா நீ?”

சிலிர்ப்பி கொம்பையனின் வயிற்றுத் தழும்புகளைப் பார்த்தது.

“நீங்க அன்னைக்கு என் முள்ளு குத்தக் குத்த நடந்தீங்களே, அந்த ருசி இன்னும் என் நெஞ்சுல இருக்கு. நான் கரைஞ்சுதான் போனேன் மாமா. கருகிப் போகலை!”

கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் தொலைந்துபோனதென்று பிறர் மேல் பழி போடக் கூடாது. செய்த நன்றியும் தண்ணீரில் கரைந்த உப்பைப் போலத்தான், உருவம் மறைந்தாலும் ஒருநாளும் இல்லாமல் போவதில்லை.