ஒரு மூட்டை அரிசியும் ஒரு பிடி உளுந்தும்

இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. கோழித்தீவன லாரி ஓட்டுகிற ஒருவர் சொன்னதாக என் அறைத்தோழன் சொன்னது. பெயர்கள் மாறியிருக்கலாம்.

முன்னொரு காலத்தில் குன்றை நாட்டை வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் அவருக்கு முட்டை வேண்டும். இல்லாவிட்டால் அன்று அரசவையில் வாய் திறந்தவருக்கெல்லாம் வசவுதான். ராஜாவைக் குளிர்விக்க நினைத்த களஞ்சியத் தலைவர் அனந்தகிரி, "அரண்மனைக் கோழி குப்பையைக் கிளறிப் புழு தின்பதா? கேவலம்!" என்று கோழிகளை அடைத்துவைத்து, தீட்டிய சம்பா அரிசியை மட்டும் போடச் செய்தார்.

முட்டை நாளுக்கு நாள் சிறுத்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

"கோழி பார்க்கிற ஆவுடை திருடுகிறாள், மகாராஜா. அமைச்சர் வெண்காடர் கொண்டுவந்து சேர்த்த ஆள்தானே!" என்றார் அனந்தகிரி. அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

ராஜா உறுமினார்: "வெண்காடரே, அவள் திருடவில்லை என்று நாளைக்குள் காட்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் நாட்டைவிட்டுக் கிளம்புங்கள்!"

வெண்காடர் அப்போதே கிளம்பினார். நேரே கோழிக்கூண்டுக்குப் போனார்.

"ஐயா, நான் ஒரு முட்டையும் தொடலைங்க" என்று அழுதாள் ஆவுடை.

அவர் கோழிகளையே பார்த்தார். அரிசி குவிந்து கிடக்க, ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. எதற்கோ ஏங்குகின்றனவே! அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அரசவையில் அடுப்பு மூட்டினார்கள். ஒரு மூட்டை சம்பா அரிசியும் ஒரு பிடி உளுந்தும் வந்தன.

"அனந்தகிரியாரே, மகாராஜாவுக்கு நூறு உளுந்து வடை சுடச் சொல்லும்" என்றார் வெண்காடர்.

"என்ன ஓய் விளையாட்டு? இதில் மூன்று வடை வந்தாலே அதிகம்."

"அரிசி மூட்டை நிறைய இருக்கிறதே?"

"மலையாகக் குவித்தாலும் உளுந்து உள்ளவரைக்கும்தானே ஐயா வடை!"

"அப்படியானால் மிச்சம் தொண்ணூற்றேழு வடையை நீர் திருடிவிட்டீர்!"

"நானா? சாமானே தராமல் திருடன் என்பதா?" அனந்தகிரி கத்தினார்.

"பாவம், கோழிக்குக் கத்தத் தெரியும், உம்மைப்போல் வாதாடத் தெரியாது" என்றார் வெண்காடர்.

சபை குலுங்கியது. ராஜாவும் சிரித்துவிட்டார். ஆனாலும், "கோழி என்ன சொல்கிறதென்று பார்ப்போம்" என்றார். கோழிகளைத் திறந்துவிட்டு, அரிசியோடு எள்ளுப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்து வைத்தார்கள். மறுநாளே கூடையில் முட்டை!

ராஜா தன் கைக்காப்பைக் கழற்றி வெண்காடருக்குப் போட்டார். ஆவுடைக்குப் பட்டுச்சேலை கொடுத்தார். "அனந்தகிரி! இனி கோழிக்குக் கருவாட்டுக் கூடை சந்தையிலிருந்து உம் தலையில்தான் வர வேண்டும். சரிகை அங்கவஸ்திரத்தைக் கழற்றாமல் வாரும்!"

பிறகு நான் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். தானியம் மட்டும் தின்கிற கோழிக்குப் புரதம் போதாது. அதிலும் மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்களில் எது முதலில் குறைகிறதோ, அதுதான் முட்டையின் எண்ணிக்கைக்கும் எடைக்கும் வரம்பு கட்டுகிறது. அந்த வடைக் கணக்கு சரிதான். ஆனால் மறுநாளே முட்டை வராது. கோழி தேறி வரச் சில வாரமாவது ஆகும்.