பன்றி கொண்டுவந்த ‘அட்ஜஸ்ட்’

ஒரு காட்டுக்குள் ஒரு குளம். ஆடி பிறந்தும் மழை இல்லை. தண்ணீர் பாதியாய் வற்றிப்போயிருந்தது.

அந்தக் குளத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. படித்துறைப் பக்கம் தண்ணீர் குடிக்க. மேற்குக் கரைச் சேறு புரள. கோரைப்புல் முளைத்த கிழக்குக் கரை மட்டும் முட்டைக்கு. அங்கே முட்டை பொரிகிற வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது. யானையே ஆனாலும் சுற்றித்தான் போகும்!

அந்தக் கோரைக்குள்ளே வெள்ளச்சி என்ற காணாங்கோழி ஐந்து முட்டையிட்டு அடைகாத்தது. போன வருஷ முட்டைகளைப் பாம்பு தின்றுவிட்டது. இந்த ஐந்தும் பொரிய இன்னும் நான்கே நாள்.

அப்போதுதான் வந்து சேர்ந்தது முண்டன் என்ற காட்டுப்பன்றி. மலையடிவார பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எச்சில் இலை தின்று ஆறு மாதம் கொழுத்த பன்றி. அங்கே அது ஒன்றைப் பார்த்துவைத்திருந்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக ஒரு தடித்த மனிதர் வருவார். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்பார். உடனே மூன்று பேரும் ஒடுங்கிக்கொள்வார்கள். ஓரத்தில் இருப்பவர் பாதித் தொடையில் தொங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேருவார். ஒரு சண்டை கிடையாது, ஒரு சத்தம் கிடையாது!

“அடடா, கொம்பும் வேண்டாம், கோரைப்பல்லும் வேண்டாம். இந்த ஒரு சொல் போதுமே!” என்று பன்றி அதைப் பிடித்துக்கொண்டு காட்டுக்கு வந்துவிட்டது.

முதல் நாள் படித்துறையை அடைத்துக்கொண்டு படுத்தது. தண்ணீர் குடிக்க வந்த மான் தயங்கி நின்றது.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா!” என்றது பன்றி. மான் பாறை வழியாகச் சறுக்கி இறங்கிக் குடித்துவிட்டுப் போனது.

“தண்ணியெல்லாம் கலங்குதே!” என்றது ஆமை.

“அட்ஜஸ்ட் பண்ணுங்க பெரியவரே!”

ஆமை கலங்கல் தண்ணீரைக் குடித்தது.

என்ன சொல் ஐயா அது! மானுக்குச் சொன்னால் ‘தள்ளிப் போ’ என்று அர்த்தம். ஆமைக்குச் சொன்னால் ‘வாயை மூடு’ என்று அர்த்தம். கரையோர நாவல் மரத்துப் பழம் முழுக்க அதனிடம் பறிகொடுத்த மயிலுக்குச் சொன்னால் ‘பட்டினி கிட’ என்று அர்த்தம். ஆனால் சொல்கிற பன்றி மட்டும் ஒரு விரற்கடை நகர்ந்ததா? நகரவே இல்லை! சேற்றில் மல்லாந்துகொண்டு பாட்டு வேறு பாடியது.

“அட்ஜஸ்ட் பண்ணு, எனக்கு ரெஸ்ட்டு!
டேஸ்ட்டு எனக்கு, உனக்கு வேஸ்ட்டு!”

வெட்கமில்லாத தவளைகள் அதற்குத் தாளம் போட்டன.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அதுதான் நடந்தது. மூன்றாம் நாள் வெயில் ஏறியதும், கோரையின் நிழலைத் தேடிப் பன்றி கிழக்குக் கரைக்கே வந்துவிட்டது!

வெள்ளச்சி சிறகை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றது. “இங்கே வராதே! முட்டை இருக்கு!”

“கூட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் அட்ஜஸ்ட் பண்ணிக்க.”

“கூடு என்ன மூட்டையா, தூக்கி அந்தப் பக்கம் வைக்க?”

வெள்ளச்சி பறந்துபோய் எல்லோரையும் அழைத்தது. மானும் ஆமையும் முள்ளம்பன்றியும் வந்தன. வந்து என்ன செய்தன? உபதேசம் செய்தன!

“பொல்லாத பயல்கிட்ட எதுக்கு வம்பு?” என்றது மான். “நாங்கள்லாம் பொறுத்துக்கலையா?” என்றது ஆமை. முள்ளம்பன்றிதான் எல்லோருக்கும் மேலே போனது. “ரெண்டு நாள்தானே வெள்ளச்சி, அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்!”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

பேசிக்கொண்டிருக்கும்போதே பன்றி கோரைக்குள் பொத்தென்று சாய்ந்தது. கூட்டின் ஓரம் நசுங்கியது. ஒரு முட்டை உடைந்து, பொரியக் காத்திருந்த குஞ்சு ரத்தத்தோடு புல்லில் சரிந்தது.

பன்றி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. “அதான் இன்னும் நாலு இருக்கே! அட்ஜஸ்ட் பண்ணிக்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தது.

வெள்ளச்சி பன்றியைப் பார்க்கவே இல்லை. முள்ளம்பன்றியைப் பார்த்தது.

“அண்ணே! அவன் ஒருத்தன் சொல்லியிருந்தா நான் கொத்தியாவது விரட்டியிருப்பேன். நீங்க எல்லாரும் சேர்ந்து சொன்னீங்களே! உங்களுக்கு என்ன போச்சு? இவ்வளவு நல்ல குணம் இருக்கே, அவன் பக்கத்துல போய் நீங்க அட்ஜஸ்ட் பண்ணி உட்காருங்களேன், பார்ப்போம்!”

முள்ளம்பன்றிக்கு முகம் தொங்கிப்போனது. பிறகு விடுவிடுவென்று நடந்து கோரைக்குள் போனது. முள்ளையெல்லாம் விறைத்துக்கொண்டு, பன்றியின் விலாவோடு ஒட்டி உட்கார்ந்தது.

“ஐயோ! குத்துதே! தள்ளுடா!” என்று அலறியது பன்றி.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!” என்றது முள்ளம்பன்றி.

பன்றி எழுந்து படித்துறைக்கு ஓடியது. முள்ளம்பன்றியும் பின்னாலேயே போய் ஒட்டி உட்கார்ந்தது. நாவல் மரத்தடிக்கு ஓடியது. அங்கேயும் வந்தது!

“இது அநியாயம்! எனக்குன்னு ஒரு இடம் வேண்டாமா?” என்று கத்தியது பன்றி.

“இருக்கே! மேற்குக் கரைச் சேறு!” என்று மானும் ஆமையும் ஒரே குரலில் சொன்னன. இவ்வளவு நாளும் அந்தக் குரல் எங்கே போயிருந்ததோ!

உடம்பெல்லாம் முள் தைத்த பன்றி மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அந்தச் சொல் அதன் வாயில் வரவே இல்லை.

மறுநாள் குஞ்சுகள் பொரிந்தன. கரிக்கட்டை போல நான்கு குஞ்சுகள் தாயின் பின்னால் தண்ணீரில் இறங்கின. முள்ளம்பன்றி கரையில் நின்று பல்லைக் காட்டியது.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இன்னும் கோபமா வெள்ளச்சி?”

“நாலு குஞ்சு வருது அண்ணே. அஞ்சாவது எங்கே?” என்று கேட்டது வெள்ளச்சி.

குஞ்சுகள் கோரையைத் தாண்டிப் போகும் வரை முள்ளம்பன்றி தலையைத் தூக்கவில்லை.

இரண்டு பக்கமும் நகர்ந்தால்தான் அது விட்டுக்கொடுப்பது. எளியவரை மட்டும் நகரச் சொல்வது பறிப்பது, அதற்குப் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு.